ரெண்டு இறக்கை, ஒரு டகோட்டா

ஓசூர்ல இருந்து பேசறேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. கைக்கு எட்டற தூரத்துல ஏதாவது பிளாஸ்டிக் சாமான் இருந்தா எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கங்க. வாளி, சோப்பு டப்பா, பழைய ரிமோட் மூடி, எதுவா இருந்தாலும் சரி. கடைசியில தேவைப்படும்.

நம்ம ஊர்ப்பக்கம் ஓட்டை பஸ் ஒண்ணு வந்தா, "வருது பாரு டகோட்டா"ன்னு சொல்வாங்க. அத்திப்பள்ளி தாண்டிப் போனா கன்னடக்காரங்களும் அதே சொல்லைத்தான் சொல்றாங்க. டகோட்டான்னு உண்மையிலேயே ஒரு விமானம் இருக்குன்னு காலேஜ் முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. டக்ளஸ் டிசி-3. ரெண்டு எஞ்சின், மூக்கைத் தூக்கி வால்ல உட்கார்ந்திருக்கும். முதல்ல பறந்தது 1935 டிசம்பர் 17. ரெண்டாம் உலகப்போர்ல ஆயிரக்கணக்குல கட்டினாங்க. பிரிட்டிஷ் விமானப்படை அதுக்கு வெச்ச பேர்தான் டகோட்டா.

போர் முடிஞ்சதும் மிச்சமான டகோட்டாக்கள் நிறைய இந்தியாவுலயே நின்னுச்சு. அதுல பலதைப் பழுது பார்த்துப் பயணிகள் விமானமா மாத்தினது எங்க தெரியுமா? ஓசூர்ல இருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத்துல, பெங்களூர் ஹெச்.ஏ.எல்.ல. 1949-ல ராத்திரித் தபால் சேவை வந்தது. மெட்ராஸ், பம்பாய், டெல்லி, கல்கத்தா, நாலு ஊர்ல இருந்தும் விமானம் கிளம்பி நடுராத்திரி நாக்பூர்ல சந்திக்கும். தபால் மூட்டையை மாத்திக்கிட்டு விடியறதுக்குள்ள அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடும். அந்த வேலையை டகோட்டா செஞ்சிருக்கு. 1953 ஆகஸ்ட் 1-ஆம் தேதி எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆரம்பிச்சப்ப, அவங்க கையில இருந்த டகோட்டா மட்டும் 74. நம்ம தாத்தா காலத்துல விமானம்னாலே பெரும்பாலும் இதுதான்.

சரி, இப்ப ஏன் இந்தக் கதை? போன வருஷம் பெங்களூர்ல ஒரு பழைய சாமான் கடையில ஒரு பிளாஸ்டிக் மாடல் கிட் கிடைச்சது. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட டகோட்டா, 72-ல ஒரு பங்கு அளவு. பெட்டி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இந்த கிட் முதல்ல வந்தது 1960-ல. அப்புறம் பல வருஷம் அதே மோல்டுல திரும்பத் திரும்ப அடிச்சு வித்திருக்காங்க. என் கையில கிடைச்சதும் அப்படி ஒரு மறுபதிப்பு.

கிட் கட்டாதவங்களுக்காக: பெட்டிக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்துல பாகங்கள் எல்லாம் காய் மாதிரி தொங்கும். வெட்டி எடுத்து, தேய்ச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிக்கணும். கட்டி முடிச்சா இறக்கையோட இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் 40 சென்டிமீட்டர். பழைய கிட்டுல குறைகள் நிறைய. ஓரமெல்லாம் பிசிறு, நடுவுல குழி, மேல எல்லாம் புள்ளி புள்ளியா ரிவெட். இந்த ஹாபியில இருக்கறவங்க அந்தப் புள்ளிகளைத் தேய்ச்சு எடுத்துட்டு, ஊசியால புதுசா மெல்லிசா கோடு கீறுவாங்க. பழைய கிட்டை "இம்ப்ரூவ்" பண்றதுன்னா முதல் வேலையே அதுதான்.

நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு டேபிள்ல பேப்பர் விரிச்சு, வலது இறக்கையைத் தண்ணியில நனைச்சு, 400 நம்பர் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்க ஆரம்பிச்சேன். அரை மணி நேரத்துல இறக்கை மொழுமொழுன்னு ஆயிடுச்சு. செம திருப்தி.

அப்பதான் அப்பா வந்தார்.

அப்பாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஓசூர்ல ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்ல 31 வருஷம் டூல் ரூம்ல வேலை. டூல் ரூம்னா, பொருளை அடிக்கிற இடம் கிடையாது. பொருளை அடிக்கிற அச்சை, அதாவது மோல்டைச் செய்யற இடம். அப்பாவோட தனி வேலை பாலிஷ். ஸ்டீல் மோல்டுக்குள்ள முகம் தெரியற வரைக்கும் கல்லு போட்டு, எமரி போட்டு, வைரப் பேஸ்ட் போட்டுக் கையாலயே தேய்ப்பார். ரெண்டு வருஷம் முன்னாடி அந்த டூல் ரூமை மூடிட்டாங்க. மோல்டு வெளியில இருந்து வாங்கிக்கலாம்னு முடிவாச்சு. அப்பாவுக்கு வரவேண்டிய பணம் வந்துடுச்சு, அதுல சண்டை ஒண்ணும் இல்லை. ஆனா முதல் ஷிப்டுக்குக் கிளம்பற மாதிரி காலையில நாலே முக்காலுக்கு எழுந்திரிக்கிறது மட்டும் நிக்கலை. எழுந்து, குளிச்சு, ஹால்ல உட்கார்ந்திருப்பார். டிவி கூட போட மாட்டார். அம்மா எழுந்து வர்ற வரைக்கும் இருட்டுல அப்படியே. வேலையைப் பத்தி நாங்க யாராவது பேச்செடுத்தா எழுந்து போயிடுவார். அதனால நாங்களும் பேசறதை விட்டுட்டோம்.

அன்னைக்கு வந்தவர் டேபிள் மேல இருந்த இடது இறக்கையை எடுத்தார். அது நான் இன்னும் தொடாதது. ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தார். உள்ள போனார். மூடின கம்பெனியில இருந்து வீட்டுக்கு வந்த ஒரு பழைய டப்பா இருந்தது, ரெண்டு வருஷமா பீரோ மேலயே கிடந்தது. அதைத் திறந்து கண்ணுல வெச்சுப் பார்க்கற லென்ஸை எடுத்தார்.

"இதை எதுக்குடா தேய்க்கற?"

"இதெல்லாம் தப்புப்பா. நிஜத்துல ரிவெட் இவ்வளவு பெருசா இருக்காது."

அப்பா வெர்னியர் எடுத்து ஒரு புள்ளியை அளந்தார். 0.4 மில்லிமீட்டர். 72-ஆல பெருக்கச் சொன்னார். 28.8. நிஜ விமானத்துல இந்த அளவுக்கு ரிவெட் இருந்தா, ஒவ்வொண்ணும் பத்து ரூபாய்க் காசை விடப் பெருசு. காசோட விட்டம் 27 மில்லிமீட்டர்.

"பாத்தீங்களா, தப்புதானே?"ன்னேன்.

"அளவு தப்பு. வேலை தப்பு இல்ல. இதை எப்படிப் பண்ணியிருப்பாங்கன்னு யோசிச்சியா?"

சத்தியமா யோசிக்கலை. எனக்கு அது ஒரு பழைய கம்பெனியோட சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

அவர் உட்கார்ந்தார். ரெண்டு வருஷத்துல முதல் தடவையா வேலையைப் பத்திப் பேசினார். அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன்.

மோல்டும் பொருளும் ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். மோல்டுல எங்க தோண்டறோமோ, அங்க பொருள்ல மேடு வரும். மோல்டுல எது மேடா நிக்குதோ, அது பொருள்ல பள்ளம். இப்ப இறக்கையோட மோல்டை நினைச்சுப் பாருங்க. வளைஞ்ச ஒரு குழி, சுத்தமா வழிச்ச ஸ்டீல். அதுல ஒரு கோடு கீறறது சுலபம். கூர்மையான உளி வெச்சு ஒரு இழுப்பு. பொருள்ல அது மேட்டுக் கோடா வரும். ஒரு புள்ளி குத்தினா ரிவெட் வரும். ஆனா பொருள்ல பள்ளமான கோடு வேணும்னா? மோல்டுல முடி மாதிரி ஒரு வரப்பு நிக்கணும். அந்த வரப்பை மட்டும் விட்டுட்டு, சுத்தி இருக்கற ஸ்டீல் மொத்தத்தையும் வழிச்சு எடுக்கணும், அதுவும் வளைவு கெடாம. இன்னைக்கு கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெஷின்கிட்ட குடுத்தா அது பண்ணிடும். 2014-ல ஏர்ஃபிக்ஸே இந்த டகோட்டாவுக்குப் புது மோல்டு போட்டப்ப கோடெல்லாம் பள்ளமாத்தான் வந்தது. 1960-ல அந்த வசதி எங்க? அந்தக் காலத்துல மரத்துல பெருசா ஒரு மாதிரி செஞ்சு, பேண்டோகிராஃப் மெஷின்ல அதைத் தடவிக்கிட்டே சின்ன அளவுல ஸ்டீலை வெட்டுவாங்க. மிச்ச வேலை எல்லாம் ஒரு ஆளோட கை.

"ஒவ்வொரு புள்ளியும் ஒருத்தன் குனிஞ்சு குத்தினது. வரிசை எங்கயாவது கோணலா இருக்கா பாரு"ன்னு லென்ஸைக் குடுத்தார்.

பார்த்தேன். ஒரு இடத்துல கோணல் இருந்தது. இறக்கை முனை கிட்ட ரெண்டு புள்ளி லேசா கீழே இறங்கியிருந்தது. சொன்னேன். அப்பா வாங்கிப் பார்த்துட்டுச் சிரிச்சார். "சாப்பாட்டு பெல் அடிச்சிருக்கும்."

நான் சாஃப்ட்வேர்ல இருக்கறவன். பழைய கோடைத் திறந்து பார்த்து, "எவன்டா இதை எழுதினான்"ன்னு திட்டிட்டு அழிச்சுட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு சர்வர் படுத்ததுக்கப்புறம் அந்த ரெண்டு வரி ஏன் அங்க இருந்ததுன்னு புரிஞ்ச அனுபவம் எனக்கு உண்டு. உங்கள்ல பல பேருக்கும் இருக்கும். ஆனா அதே புத்தி ஒரு பிளாஸ்டிக் இறக்கை கிட்ட வேலை செய்யலை.

இன்னொரு அடியும் அன்னைக்கே விழுந்தது. 1947 அக்டோபர் 27, ஸ்ரீநகர்ல முதல்ல படையை இறக்கின விமானப்படை டகோட்டாவோட நம்பர் விபி 905. அதே நம்பர் போட்டு ஒரு பழைய டகோட்டாவை இங்கிலாந்துல புதுப்பிச்சு, 2018-ல பறக்க வெச்சே இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் வாங்கிப் புதுப்பிச்சு விமானப்படைக்குக் குடுத்தது. அவரோட அப்பா விமானப்படையில டகோட்டா பைலட். பரசுராமான்னு அதுக்குப் பேர். அந்த வீடியோவை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். நிறுத்தச் சொல்லி ஸ்கிரீனைப் பெருசாக்கினார். உடம்பெல்லாம் ரிவெட் தலை வரிசை வரிசையா எழும்பி நிக்குது. தகடுங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு. பள்ளமான கோடுன்னு பார்த்தா, கதவு, மூடி மாதிரி இடங்கள்லதான். அதாவது இணையத்துல பார்த்து நான் போடப் போன கோடு, அந்தப் பழைய ஆள் குத்தின புள்ளியை விட நிஜத்துல இருந்து தள்ளி இருந்திருக்கும்.

அன்னைல இருந்து ஞாயித்துக்கிழமை எங்க டேபிள்ல ரெண்டு பேர். நீங்களும் ஒரு பழைய கிட் கட்டறதா இருந்தா உதவும்னு, கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல பாகங்களை சோப்புத் தண்ணியில கழுவுங்க. மோல்டுல இருந்து பொருள் ஒட்டாம வர்றதுக்கு எண்ணெய் மாதிரி ஒண்ணு அடிப்பாங்க. அது மேல இருந்தா பெயிண்ட் பிடிக்காது. ஓரத்துல இருக்கற பிசிறுக்கு பிளாஷ்னு பேர். மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற விளிம்பு தேய்ஞ்சு போனா, அந்தச் சந்துல பிளாஸ்டிக் கசிஞ்சு வர்றது அது. பிளேடை நிமிர்த்திப் பிடிச்சுச் சுரண்டினா போதும், வெட்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கனமா இருக்கற இடம் கடைசியா ஆறும், ஆறும்போது உள்ள இழுக்கும். அந்தக் குழிதான் சிங்க் மார்க். உள்பக்கம் வட்ட வட்டமா இருக்கறது, பொருளை மோல்டுல இருந்து தள்ளி விடற பின்னோட தடம். வெளியில தெரியாத இடத்துல இருந்தா அதை விட்டுடுங்க.

குழியை, சந்தை அடைக்க நான் வெளிநாட்டு புட்டி ஆர்டர் பண்ணப் போனேன். அப்பா பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பெயிண்ட் கடைக்குக் கூட்டிட்டுப் போனார். கார் டிங்கரிங் பண்றவங்க போடற என்.சி. பட்டி. மெல்லிசா ஒரு கோட், காய விட்டு இன்னொரு கோட். காயும்போது சுருங்கும், அதனால ஒரே தடவையில அப்பக் கூடாது. முதல்ல வெட்டிப்போட்ட சட்டத்துல தடவிப் பாருங்க, பிளாஸ்டிக்கைக் கரைக்குதான்னு தெரிஞ்சுடும். ஸ்ப்ரே பெயிண்டுக்கும் இதே சோதனை. ஸ்ப்ரேயை மொட்டை மாடியில, மாஸ்க் போட்டு அடிங்க. வீட்டுக்குள்ள அடிச்சு அம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது நான். (சிரிப்பு)

அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடாதீங்க. ஒரு துண்டை மெழுகுவத்தி மேல காட்டி, இளகினதும் ரெண்டு பக்கமும் இழுத்தா, தலைமுடி கனத்துக்கு நூல் வரும். ஆன்டெனா கம்பி அதுதான். எஞ்சினுக்கு 14 சிலிண்டர், ரெண்டு வரிசை. செத்துப்போன ஹெட்போன் வயரைப் பிரிச்சு, உள்ள இருக்கற செப்பு இழையை சிலிண்டருக்கு ஒண்ணா ஒட்டினேன். மூணு ஞாயிறு போச்சு. ஒட்டும் எழுத்துத் தாள் பழுப்பாகியிருந்தா, கண்ணாடி ஜன்னல்ல வெயில் படற மாதிரி ஒட்டி வெச்சா வெளுக்கும். எனக்கு இந்திய விமானம் வேணும், பெட்டியில அது இல்லை. அதனால அதுக்குன்னே விக்கற தாள்ல விடி-ன்னு தொடங்கற பதிவு எழுத்தை இங்க்ஜெட்ல அடிச்சேன். அந்த பிரிண்டர் வெள்ளை அடிக்காது. அலுமினியம் நிறத்து மேல கறுப்பு எழுத்துங்கறதால தப்பிச்சேன். இன்னொரு விஷயம், இந்தியாவுல ஓடின டகோட்டால பெரும்பாலானது போர்ல சரக்கு ஏத்தினது. இடது பக்கம் பெரிய சரக்குக் கதவு இருக்கும். போட்டோ பார்த்துட்டுக் கட்டுங்க.

பைலட் கண்ணாடியை மட்டும் அப்பா எனக்குத் தரலை. அதைக் கையில எடுத்ததுமே, "இந்த மோல்டுல உள்ள கையால பாலிஷ் போட்டிருக்கான்"ன்னார். தெளிவான பிளாஸ்டிக் தெளிவா வரணும்னா அச்சு அவ்வளவு பளபளப்பா இருக்கணும். பல வருஷத்துல அந்தப் பளபளப்பு கொஞ்சம் போயிருந்தது, கண்ணாடி லேசா மங்கல். டப்பாவுல மிச்சம் இருந்த வைரப் பேஸ்ட்டைப் பஞ்சுல தொட்டு, வட்டம் வட்டமா, ரொம்ப மெதுவா தேய்ச்சார். ரெண்டு சாயங்காலம். கட்டை விரல் அளவு கூட இல்லாத கண்ணாடி. இப்ப எட்டிப் பார்த்தா உள்ள சீட்டு தெரியுது.

இறக்கை விஷயம் என்னாச்சுன்னு கேப்பீங்க. வலது இறக்கை போனது போனதுதான். பசையில புள்ளி புள்ளியா வெச்சு ரிவெட்டைத் திரும்பக் கொண்டு வரலாம்னு சில பேர் செய்வாங்க. நான் ரெடியா இருந்தேன். அப்பா வேண்டாம்னார். "அது அவன் வேலை மாதிரி இருக்காது, உன் வேலை மாதிரியும் இருக்காது." வலது இறக்கையில கதவு, மூடி இருக்கற இடத்துல மட்டும் கீறி, மிச்சத்தை மொழுமொழுன்னே விட்டாச்சு. இடது இறக்கையை 1000 நம்பர் பேப்பர்ல நாலு தடவ மட்டும் தடவி, புள்ளியோட உயரத்தைப் பாதியாக்கினோம். அந்தக் கோணலான ரெண்டு புள்ளியும் அப்படியே இருக்கு. அலுமினியம் பெயிண்ட் அடிச்சதும் இடது இறக்கையில வெளிச்சம் புள்ளி புள்ளியா விழுது. வலது இறக்கை எவர்சில்வர் தட்டு மாதிரி இருக்கு. வீட்டுக்கு வர்றவங்க, "ஏன் ரெண்டும் வேற மாதிரி இருக்கு?"ன்னு கேக்கறாங்க. அப்பா என்னைக் கை காட்டறார்.

இறக்கையோட மேல் பாதியும் கீழ் பாதியும் ஒட்டறதுக்கு முன்னாடி, "உள்ள பேரு எழுதுங்கப்பா, யாருக்கும் தெரியாது"ன்னேன். 31 வருஷத்துல அவர் பாலிஷ் போட்ட மோல்டுல எத்தனை லட்சம் சாமான் வந்திருக்கும், ஒண்ணுலயாவது அவர் பேரு இருக்கா? எழுத மாட்டேன்னுட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு ஊசியை வாங்கி இடது இறக்கைக்குள்ள ஏதோ கீறினார். பார்த்தா ஒரு வட்டம். ஓரத்துல ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும். நடுவுல ஒரு அம்புக்குறி, பக்கத்துல வருஷம். மோல்டிங் தெரிஞ்சவங்களுக்கு அது என்னன்னு புரியும். ஒட்டினோம். இனிமே அதை யாரும் பார்க்க முடியாது.

அப்பா இப்பவும் நாலே முக்காலுக்குத்தான் எழுந்திரிக்கிறார். ஆனா லைட் எரியுது. டேபிள்ல அடுத்த கிட் இருக்கு, இது நாலு எஞ்சின் கான்ஸ்டலேஷன். 1948 ஜூன் 8-ஆம் தேதி ஏர் இந்தியாவோட முதல் லண்டன் விமானமா பம்பாய்ல இருந்து கிளம்பினது இந்த ரகம்தான். நான் எழுந்து வர்றதுக்குள்ள பாதி பிசிறு காணாம போயிருக்கு. கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு, என் கிட் இல்லையா. (சிரிப்பு)

இப்ப அந்த பிளாஸ்டிக் சாமானை எடுங்க. திருப்பி, அடியிலயோ உள்பக்கமோ பாருங்க. நிறைய சாமான்ல சின்னதா ஒரு வட்டம் இருக்கும், சுத்தி எண்கள், நடுவுல அம்பு. அது எந்த மாசம் அடிச்சதுங்கற கணக்கு. பக்கத்துல வட்டமா பின் தடம் இருக்கும், ஓரத்துல நகத்தை வெச்சா ரெண்டு பாதியும் சேர்ந்த கோடு தட்டுப்படும். அந்த அச்சை ஓசூர்லயோ வேற எங்கயோ ஒருத்தர் குனிஞ்சு உட்கார்ந்து தேய்ச்சிருக்கார். உங்க வீட்டுலயே அப்படி ஒருத்தர் இருந்தா, அந்தச் சாமானைக் கொண்டு போய்க் குடுத்து, இது எப்படி வந்ததுன்னு கேளுங்க.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.